மூன்றாவது தடவையும் சிரித்துவிட்டோம்

வியாழக்கிழமை காலை ஆறரை மணி. சாமிக்கு விளக்கேற்றிவிட்டுப் போனை எடுத்தேன். நம் கோயில் நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் கணேசனின் நம்பரிலிருந்து ஒரே ஒரு வரி: "கணேசன் காலமானார்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். போட்டவர்கள் குழுவிலிருக்கும் நீங்கள்தான். உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை, நான் செய்தது அதைவிட மோசம். போனில் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. பட்டனை அழுத்திப் பேசியே அனுப்பினேன்.

"ஏ கணேசா, மூணாவது தடவையா சாவுற, வெக்கமா இல்ல? சாமி கும்பிடுற நேரத்துல சாவுப் பேச்சு! எந்திரி. எந்திரிச்சு சாயாவக் குடிச்சிட்டு ஒழுங்கா கோயிலுக்கு வா. இன்னும் கிடந்தேன்னு வையி, ஒரு குடம் தண்ணியக் கொண்டாந்து தலையில ஊத்திருவேன்!"

பத்து நிமிடத்தில் ஜோசப் சேட்டன் கூப்பிட்டார். மிளகுக் கிடங்கில் கணேசனோடு மூட்டை தூக்குகிறவர். "சேச்சி, தமாசயல்ல. ஞான் ஆஸ்பத்திரியிலாணு. கணேசன் போயி."

விடியற்காலையில் குளிக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான். நாற்பத்தெட்டு வயது. அவன் போனிலிருந்து அந்த வரியை அனுப்பியது அவன் மகள். அந்தப் போன் அப்போது அவன் மனைவி சாந்தியின் கையில் இருந்தது. என் குரல் அங்கேதான் போய் விழுந்திருக்கிறது.

நம் கோயில் மலரை வாசிக்கும் வெளியாட்களுக்கு, நாம் ஏன் சிரித்தோம் என்று சொல்லியாக வேண்டும். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு 'அவன்' என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மலையாள டிவிக்காரர்கள் நம் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தார்கள். ஒரு கோமாளித் துப்பறிவாளன் வாராவாரம் ஒரு கொலையைக் கண்டுபிடிக்கிற தொடர். அந்த வாரத்துக் கதையில், மேடையில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே ராஜா வேஷக்காரன் விஷம் குடித்துச் சாகிறான். ஜனங்கள் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டுகிறார்கள். முன்வரிசையில் கடலை தின்றுகொண்டிருக்கும் துப்பறிவாளன் மட்டும் எழுந்து நிற்கிறான். அதற்கு ஒரு நாடகக் குழு வேண்டுமென்று நம் ஆட்களைக் கூப்பிட்டார்கள். சாகிற ராஜா கணேசன். கை தட்டுகிற ஜனம் நாங்கள்.

அவனுக்கு வாய் திறக்கும் வேஷம் கிடைக்கவில்லையே என்று நான்தான் வருத்தப்பட்டேன். அவன் சொன்னான்: "பேசுற வேஷம் யாரு வேணா போடலாங்க்கா. செத்துக் கிடக்கத்தான் பொறுமை வேணும்."

ஆனால் அன்று சாகவே விடாமல் செய்தவள் நான். கோப்பை கையிலிருந்து உருண்டது, அவன் தொப்பென்று விழுந்தான், கண் மேலே செருகிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. "முருகா!" என்று கத்திக்கொண்டே மேடையேறி, இடுப்பிலிருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் அப்பிவிட்டேன்.

டைரக்டர் தலையில் கை வைத்தார், கை தட்டத்தானே சொன்னேன் என்று. "எந்தா அம்மே இது! கையடிக்கான் அல்லே பறஞ்ஞது?"

செத்துக் கிடந்தவன் வயிறு குலுங்கியது. கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அக்கா, போய் உக்காருங்க. இன்னும் ரெண்டு சீன் செத்துக் கிடக்கணும்."

ஒளிபரப்பான அன்று, மாலை போட்டுக் கிடக்கும் தன் படத்தை அவனே நம் குழுவில் போட்டான். "அன்னாரின் ஆன்மா சாந்தியடைய ஆளுக்கொரு சாயா வாங்கித் தரவும்." ஓணத்துக்கு மறுபடியும் "மீண்டும் காலமானார், பாயசம் எங்கே?" என்று போட்டான். இரண்டு தடவையும் திட்டினேன். இரண்டு தடவையும் சிரித்தபடி வாசலில் வந்து நின்றான்.

என் திட்டுக்கு அவன் கட்டுப்பட்டவன். மூன்று வருடத்துக்கு முன் பங்குனித் திருவிழா நாடகம் உங்களுக்கு நினைவிருக்கும். பகலெல்லாம் மூட்டை தூக்கிய அலுப்பில் திரைக்குப் பின்னால் தூங்கிப்போனான். உலுக்கியும் எழவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து நான் "ஏ கணேசா!" என்று ஒரு சத்தம் போட்டேன். ஒரு பக்க மீசையோடு மேடைக்கு ஓடிவந்து, "யாரங்கே!" என்றான். கூட்டம் உருண்டு சிரித்தது.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். எந்த முகத்தோடு சாந்தியைப் பார்ப்பது? புருஷன் செத்த நேரத்தில் "வெக்கமா இல்ல" என்று கேட்டவள் நான். தெருமுனை வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை போனபோது அவனை வீட்டில் கிடத்தியிருந்தார்கள். சாந்தி காலருகில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"சாந்தி, தெரியாமப் பேசிட்டேன்மா..."

"போட்டுக் காட்டினேன்க்கா," என்றாள்.

"யாருக்கு?"

"அவருக்குத்தான். ஆஸ்பத்திரியில துணியப் போத்திட்டாங்க. நான் கூப்பிட்டேன், எந்திரிக்கல. மோள் கூப்பிட்டா, எந்திரிக்கல. உங்க சத்தத்துக்கு எந்திரிப்பாருல்ல. காதுல வச்சேன். ரெண்டு தடவ வச்சேன்க்கா."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "அத அழிச்சிரும்மா" என்று கெஞ்சினேன்.

"வேண்டாங்க்கா. விடிஞ்சதுல இருந்து எல்லாரும் அவரு போயிட்டாருன்னுதான் பேசறாங்க. அதுல மட்டும்தான் அவரு இருக்காரு."

அவள் அழிக்கவில்லை. நானும் என் போனில் அழிக்கவில்லை, திரும்பக் கேட்கவும் தைரியம் இல்லை.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஊரிலிருந்து கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்தக் கொச்சியில் நான் எல்லாருக்கும் சேச்சி, எல்லாருக்கும் அம்மே. அக்கா என்று கூப்பிட்டதோடு, என் சொல்லுக்குப் பயந்தும் நடந்தவன் அவன் ஒருத்தன்தான். வாய்க்கரிசி போடும்போது "அவருகூடப் பிறந்தவங்க யாரு, முன்னால வாங்க" என்று கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. சாந்தி என் முழங்கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். எழுந்து போனேன். அவனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த இடம். அதை இனி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.