ஒன்பதாம் பெட்டியின் தூக்கம்

அந்த ஆய்வுக்கூடத்தில் நண்பகலில்தான் இரவு தொடங்கும். பறவைகளுக்கு மட்டும். அவை தூங்கும்போது மனிதர்கள் விழித்திருக்க வேண்டும். மனிதர்களுக்கோ இரவில் வீடு, பிள்ளைகுட்டி என்று ஆயிரம் இருக்கிறது. அதனால் விளக்குகளின் நேரத்தை மாற்றிவைத்து, பல்கலைக்கழகமே சாப்பாட்டுக்குக் கிளம்பும் வேளையில் பறவை அறையை மெல்ல மெல்ல இருட்டவைப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், யாருடைய கனவுக்குள்ளோ தெரியாமல் வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

கோட்டானுக்கு அந்த அறை ரொம்பப் பிடிக்கும். ஊமைக்கோட்டான் என்று கூட்டாளிகள் வைத்த பெயர் நாளடைவில் அப்படிச் சுருங்கிவிட்டது. ஐந்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் தலையை ஆட்டிவிட்டுப் போகிற பெண். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினாள் என்று அவள் வீட்டுக்காரர் ஒருமுறை இங்கே வந்து உளறிவிட்டுப் போக, அதைச் சொல்லிச் சொல்லியே பலர் பொழுதைக் கழித்தார்கள். ஆனால் அந்த வாய்ப்பூட்டைப் பார்த்துத்தான் பேராசிரியை அவளைத் தன் மாணவியாகச் சேர்த்துக்கொண்டார்.

காரணம் இருந்தது. அங்கே வளர்ந்தவை ஒருவகைச் சிட்டுகள்; அவற்றில் பெண் பாடாது. ஆண்குஞ்சு தன் அப்பா பாடுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் பாட்டுப் படிக்கும். படித்ததைத் தூக்கத்திலும் விடாது; விழித்திருந்து பாடும்போது மூளையில் எந்த நரம்பணுக்கள் எந்த வரிசையில் துடிக்குமோ, தூங்கும்போதும் அதே வரிசையில் துடிக்கும். அப்படியானால் பாட்டையே கேட்காமல் வளர்ந்த குஞ்சு தூக்கத்தில் எதை நினைக்கும்? அதுதான் கோட்டானின் ஆய்வு. ஒலி புகாத பெட்டிக்கு ஒரு குஞ்சு, அந்தத் துடிப்பைப் பதிய அதன் தலையில் மயிரிழைபோல ஒரு கம்பி. பெட்டி திறந்திருக்கும்போது பேசக் கூடாது என்று கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அவளுக்கு அந்த அறிவிப்பே தேவையில்லை.

மற்றப் பெட்டிகளில் தூக்கம் வெறும் இரைச்சல். ஒன்பதாம் பெட்டியில் மட்டும் ஒரு வரிசை திரும்பத் திரும்ப வந்தது. முட்டையிலிருந்து வந்தபோதே நோஞ்சானாக இருந்து, கோட்டான் ஊசிக்குழாயில் கூழ் புகட்டிப் பிழைக்கவைத்த குஞ்சு அது. பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. "யாரும் சொல்லிக் குடுக்கல, ஆனா உள்ள பாட்டு இருக்கு பாரு," என்றார். அது எங்கிருந்தும் வராத பாட்டு. அதை வைத்தே கோட்டானின் ஆய்வேடு எழுந்து நின்றது. வெள்ளிக்கிழமை துறை முழுவதற்கும் அவள் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். அது நல்லபடியாக முடிந்தால் பட்டம் கைக்கு வந்த மாதிரிதான்.

அந்த வாரத் தொடக்கத்தில், கம்பிகளைக் கவனித்துக்கொள்கிற ஒயர் என்ற இளைஞன், தூக்கத்தின் துடிப்பை ஒலியாக மாற்றிக் கொண்டுவந்தான். சிட்டின் பாட்டு நமக்கு வெறும் கீச்சு. அவன் அதை இழுத்து மெதுவாக்கியிருந்தான். "கேளு கோட்டான், சொக்கிப்போயிடுவ."

இருட்டறையில் அவள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். டொக், டொக். ஒரு சின்ன நீட்டல், ச்சூ. மறுபடி டொக். கண்ணாடிக்கு அப்பால் ஒன்பதாம் பெட்டிக்காரன் சிறகுக்குள் தலையைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்கச் சுகமாக இருந்தது; கண் சொருகியது. டொக், டொக், ச்சூ, டொக். அங்கே ஒலி நின்றது. அடுத்ததை அவள் நாக்கு தானாகவே போட்டது.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. அது மகளைத் தூங்கவைக்க அவள் எழுப்புகிற சத்தம். தாலாட்டுப் பாடக் கூச்சப்பட்டு, மேலண்ணத்தில் நாக்கைத் தட்டித் தட்டி அவளே உண்டாக்கியது. கூழ் புகட்டும்போது ஒன்பதாம் பெட்டிக்கும் அதைத்தான் போட்டிருக்கிறாள், தன்னை அறியாமலே. பேசக் கூடாது என்றுதானே ஒட்டியிருந்தது? நாக்கைத் தட்டுவதை அவள் பேச்சுக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

இரண்டு நாள் அதை மென்று விழுங்கினாள். வேறு யாருக்கும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. காலமெல்லாம் வாயை மூடியே ஓட்டியவளுக்கு இன்னும் ஒருமுறை மூடுவது பெரிய காரியமா? ஆனால் சாயங்காலம் மடியில் மகள் கண்ணைச் செருகும்போது சத்தம் வரவில்லை. "அம்மா, டொக்கு," என்று பிள்ளை சிணுங்கியது.

வியாழக்கிழமை குழு கூடியபோது எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றதே எல்லோருக்கும் அதிசயம்.

"மேடம், ஒன்பதுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தது நான்தான்."

"கோட்டான் ஜோக்கெல்லாம் அடிக்குதே," என்றான் ஒயர்.

அவள் சிரிக்கவில்லை. சேர்ந்த நாளிலிருந்து பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னாள். பேராசிரியை பேனாவை மூடினார். முகத்தில் ஈயாடவில்லை. "வா, செஞ்சு காட்டு," என்றார்.

பறவைகளின் நடுநிசி அது. எல்லோரும் இருட்டில் நெருக்கியடித்து நின்றார்கள். ஒன்பதாம் பெட்டிக்குள் ஒலி போகிற மைக்கின் முன்னால் குனிந்து, வெட்கத்தில் காது சூடேற, அவள் மெல்ல நாக்கைத் தட்டினாள். டொக், டொக், ச்சூ, டொக். சிட்டு அசையவில்லை. ஆனால் திரையில் கோடுகள் எழுந்தன, அதே வரிசையில். அவள் நிறுத்திய பிறகும் தூக்கத்துக்குள்ளிருந்து ஒருமுறை அதை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு அடங்கின.

"சரி, ஒன்பது போச்சு," என்றார் பேராசிரியை. பிறகு கோட்டான் பக்கம் திரும்பி, "இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். இருப்பியா?" என்று கேட்டார். கோட்டான் தலையை ஆட்டினாள். அன்று கழிப்பறைக்குள் போய் நன்றாக அழுதாள்.

ஆய்வுக்கு உதவாத சிட்டு என்று ஒன்பதாம் பெட்டிக்காரனின் கம்பியை எடுத்துவிட்டுப் பொதுக்கூண்டில் விட்டார்கள். அங்கே அவனுக்கு ஜோடி அமைந்தது. கோட்டான் புதுக் குஞ்சுகளோடு முதலிலிருந்து தொடங்கினாள். இப்போதெல்லாம் பெட்டியைத் திறக்குமுன் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் தீனி வைக்கப் பொதுக்கூண்டுப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உச்சிக் கம்பியில் அவன் பாடிக்கொண்டிருந்தான். கீழே அவன் குஞ்சு ஒன்று, இன்னும் வால் முளைக்காதது, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொன்னது. அத்தனை வேகத்திலும் அது தன்னுடைய டொக், டொக், ச்சூதான் என்று அவளுக்குப் புரிந்தது. கடைசித் துண்டு மட்டும் அதற்கு வரவில்லை. அவள் நாக்கு துடித்தது.

சொல்லிக்கொடுக்க அதன் அப்பா இருக்கிறான் என்று, தீனியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்தாள்.