முளைத்தது அடுப்புக்கு

நிபாட் ஊர்ப் பக்கத்தில் ஹவுசாபாய் வெங்காயக் காட்டில் இடுப்பொடியாத வருஷம் கிடையாது. நாற்று நட்டவள் அவள், களை எடுத்தவள் அவள், தாள் அறுத்தவள் அவள். ஆனால் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரு நல்ல வெங்காயத்தை வாயில் வைத்ததில்லை. கெட்டியானதெல்லாம் சந்தைக்கு, முளைத்தது அடுப்புக்கு. அது அவள் புருஷன் பிகாஜி போட்ட சட்டம். சட்டமாம் சட்டம், நாசமாய்ப் போக!

இந்தச் சித்திரையிலும் வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறையை நிரப்பி, தேங்காய் உடைத்துக் கதவைச் சாத்தினார். விலை ஏறி வியாபாரியின் லாரி வரும்வரை திறக்கக் கூடாதாம், திறந்தால் லட்சுமி வெளியே போய்விடுவாளாம். ஆடி மழை சாய்ந்து அடித்ததும் மூங்கில் தட்டிச் சுவரைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டினார்.

"காத்து போகலேன்னா புழுங்கிடும்ங்க" என்றாள் ஹவுசாபாய்.

"அடுப்புல உலை பொங்குதா பாரு, போ."

அந்த வாரம்தான் மகள் ஷேவந்தா பிரசவத்துக்கு வந்தாள். எதைத் தின்றாலும் குமட்டல். கம்பு ரொட்டியோடு கையால் குத்தி உடைத்த பச்சை வெங்காயம் மட்டும் கேட்டாள். கூடையில் இருந்ததோ பட்டறையில் ஏற்றாமல் கழித்துப்போட்டது, விரல் நீளம் முளைவிட்டது. ஒரு கடி கடித்துத் தட்டில் வைத்துவிட்டாள்.

"என்னம்மா இது? காரமும் இல்ல, சாறும் இல்ல. பஞ்சாட்டம் இருக்கு."

ஹவுசாபாய்க்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. வாசலுக்குப் போய்ப் பிகாஜி முன்னால் நின்றாள்.

"வாயும் வயிறுமா ஒருத்தி வந்திருக்கா. பட்டறையத் திறங்க."

"லாரி வரட்டும்டி. முளைச்சா என்ன, அதுவும் வெங்காயம்தானே?"

"வெங்காயமா? முளை எதைத் தின்னு வளருது? உள்ள இருக்கிற சத்தைத்தானே! மிச்சம் வெறும் சக்கை. இத்தனை வருஷம் அந்தச் சக்கைய எனக்குப் போட்டீங்க, பொறுத்துக்கிட்டேன். எம் பொண்ணுக்குமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அரிவாளை எடுத்துப்போய்ப் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தாள். குப்பென்று நாற்றம் முகத்தில் அடித்தது. தட்டியைப் பிரித்துக் கையை விட்டால் கொழகொழவென்று வந்தது. அழுகாதது முளைத்திருந்தது, முளைக்காதது கருத்திருந்தது. நாலு பக்கமும் கிளறினாள். மகளுக்குக் கொடுக்க ஒன்று, ஒரே ஒன்று தேறவில்லை. பிகாஜி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"லட்சுமி எங்கயும் போகலீங்க. உள்ளயே அழுகிக் கிடக்கா. எழுந்திருங்க, கடைக்குப் போய் நல்ல வெங்காயம் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

தெருவே பார்க்கப் போனார். கடைக்காரன் தத்து சும்மா விடுவானா?

"என்ன பிகாஜி அண்ணா, கடலுக்குள்ள குடியிருந்துகிட்டு உப்பு வாங்க வந்தீங்களா?"

வாங்கி வந்த வெங்காயத்தை ஹவுசாபாய் முஷ்டியால் ஒரே குத்து குத்தினாள். காரம் வீடு முழுக்க ஏறியது. ஷேவந்தா கண்ணில் நீர் வழிய வழிய, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஆசையாகத் தின்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிகாஜி மெல்ல ஒரு துண்டுக்குக் கை நீட்டினார்.

ஹவுசாபாய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கூடையிலிருந்து முளைத்தது ஒன்றை எடுத்து அவர் தட்டில் போட்டாள்.

"நல்லது பிள்ளைத்தாச்சிக்கு. நீங்க இதைத் தின்னுங்க. அதுவும் வெங்காயம்தானே?"