எர்வின் மாற்றி மாட்டிய பெடல்கள்

எர்வின் குபேனாவுக்கு எழுபத்து நான்கு வயது. அதில் முப்பத்து நான்கு வருஷம் கவுண்டி நிர்வாகத்துக்காக மண்ரோடு சீவும் வண்டி ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இசைக்குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசிப்பான். அவனுக்குப் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசிக்கும் லாடிஸ் நான்தான். நாற்பத்தைந்து வருஷமாக அவன் வலது காதை நான் பார்த்த அளவுக்கு அவன் மனைவி லிடியாகூடப் பார்த்திருக்க மாட்டாள்.

எந்த ஊர் நடன அரங்குக்குப் போனாலும் எர்வினின் வேனில்தான் போவோம். அவன்தான் ஓட்டுவான். சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டான், காய்ச்சல் நூற்று இரண்டு இருந்தாலும் சரி. நான் ஓட்டினால் மாடுகள் சிரிக்கும் என்று என்னைக் கேலி செய்வான்.

அவன் அண்ணன் ஆல்ஃபோன்ஸ் மூன்று வருஷம் முன்பு போய்ச் சேர்ந்தார். போவதற்கு முன் நினைவு முழுக்கப் போயிருந்தது. அது ஆரம்பித்ததும் எழுபத்து நான்கு வயதில்தான். தீவனம் வாங்கப் போனவர், விற்று முப்பது வருஷமான பழைய பண்ணை வீட்டுக்கு வண்டியை விட்டுவிட்டார். அங்கே குடியிருந்தவர்கள் காபி கொடுத்து உட்காரவைத்து எர்வினுக்குப் போன் செய்தார்கள். அன்று போய் அழைத்து வந்த எர்வின் அதை மறக்கவே இல்லை. அதன் பிறகு யார் பெயராவது சட்டென்று வாயில் வரவில்லையென்றால் அன்று முழுக்க முகம் செத்துப்போயிருக்கும்.

இந்த வருஷம் கிட்டார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பழைய எண்ணெய் உள்ளே பிசினாக இறுகிவிட்டது. அது மேசை மாதிரி நான்கு காலில் நிற்கிற கிட்டார். மேலே பத்துக் கம்பிகள். கீழே இடது காலுக்கு மூன்று பெடல், முழங்கால்களுக்கு லிவர்கள். மிதித்தால் சில கம்பிகளின் சுரம் ஏறும், லிவரைத் தள்ளினால் சிலது இறங்கும். இந்த வேலையெல்லாம் நடப்பது அடிவயிற்றில், தண்டும் ஸ்பிரிங்கும் அச்சுமாக ஒரு காடே இருக்கிறது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை எர்வின் அதை முழுசாகக் கழற்றித் துடைத்து மாட்டுவான். படமும் கிடையாது, குறிப்பும் கிடையாது.

"போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கயேன், யாரு கேக்கப் போறா?" என்றாள் லிடியா.

"போட்டோ பாத்துதான் மாட்டணும்னா எனக்கும் ஆல்ஃபோன்ஸ் சீக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக்காட்டினான்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் கிட்டாரைச் சோதிக்கவில்லை, தன் தலையைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

இங்கே நான் செய்த அயோக்கியத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு வியாழக்கிழமை மதியம் சாசேஜ் கொடுக்கலாம் என்று போனேன். லிடியா வீட்டில் இல்லை. எர்வின் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறை மேசையில் பழைய துண்டு விரித்து, அதன் மேல் கேக் சுடும் குழித்தட்டில் ஸ்பிரிங்குகளைப் பிரித்து வைத்திருந்தான். என் முழங்கை பட்டது. தட்டு கவிழ்ந்தது. எல்லா ஸ்பிரிங்கும் மேசையில் உருண்டு ஒன்றோடொன்று கலந்துவிட்டது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி, ஆனால் இறுக்கம் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குழிக்கு இரண்டாகப் போட்டுவிட்டு, சாசேஜைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பூனை மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மாட்டி முடித்துவிட்டுக் கூப்பிட்டான். முழங்காலால் லிவரைத் தள்ளினான். சுரம் இறங்கியது. விட்டான். திரும்பப் பழைய இடத்துக்கு ஏறவில்லை, பாதி வழியில் நின்று அழுதது.

"வரிசையாத்தான்டா எடுத்து வச்சேன். எப்படி மாறும்?" என்றான். நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி கழற்றினான். ஒவ்வொரு ஸ்பிரிங்காக விரலில் இழுத்துப் பார்த்து மாற்றினான். இரண்டு நாள். ஒரு கம்பி சரியானால் இன்னொன்று கெட்டது. மூன்றாவது முறையும் கழற்றினான். தரையில் மல்லாந்து கையைத் தூக்கி வேலை செய்ததில் தோள்பட்டை வீங்கிவிட்டது. சீட்டாடக் கூப்பிட்டாலும் வரவில்லை. களைப்பு அவனுக்கு மட்டுமா? அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்கும் உடம்பு கனத்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் போவேன், காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அடுத்த புதன்கிழமை ஸ்பிரிங்குகள் ஒருவழியாகச் சரியாகின. அந்த ஞாயிறு மாதா கோயில் திருவிழா, எங்கள் குழுதான் வாசிக்க வேண்டும். லிடியாவும் நானும் நிற்க, எர்வின் கிட்டாரின் முன் உட்கார்ந்து முதல் பெடலை மிதித்தான். ஏறியது மூன்றாவது பெடலுக்கு உரிய கம்பிகள். மூன்றாவதை மிதித்தான். அது முதலாவதின் வேலையைச் செய்தது.

"போச்சுடா, பெடலுக்குக்கூடப் போதை ஏறிடுச்சு" என்றாள் லிடியா.

எர்வின் குனிந்து அடியில் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது என் பழைய கிட்டாரு வரிசை" என்றான்.

பத்தொன்பது வயதில் அவன் வாங்கிய முதல் கிட்டாரில் பெடல்கள் இப்படித்தான் இருந்தன, இடமிருந்து வலமாகத் தலைகீழ். இருபத்தொன்பதில் இதை வாங்கியபோது ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து காலுக்குப் புது வரிசையைப் பழக்கினான். அந்தக் கிட்டாரை விற்று நாற்பத்தைந்து வருஷமாகிறது. இப்போது அவன் கை, கேட்காமல் கொள்ளாமல், அங்கே போய் நின்றிருந்தது.

ஆல்ஃபோன்ஸ் அந்தப் பழைய வீட்டில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன்.

"எர்வின், நான்தான்டா" என்றேன். "அன்னிக்கு நீ தூங்கிட்டிருந்தப்ப தட்டைக் கொட்டிட்டேன். ஸ்பிரிங்கெல்லாம் கலந்துபோச்சு. பயந்துபோய்ச் சொல்லல."

"அட நாசமாப் போறவனே! என் தோளு போச்சேடா!" என்றான். ஆனால் அந்த வசவில் ஒரு நிம்மதி இருந்தது. அது எனக்குத் தைரியம் கொடுத்தது.

"பெடலையும் நான்தான் மாத்தி வச்சேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீயா? இந்தப் பெட்டியத் தூக்குனாலே முதுகு வலிக்குதும்ப. அடியில எத்தனை அச்சு இருக்கு, சொல்லு பாப்போம்."

நான் குனிந்து எண்ணப் பார்த்தேன், அவன் கை நீட்டித் தடுத்தான்.

"ஸ்பிரிங் உன்னோடது லாடிஸ். இது என்னோடது. விட்ரு."

லிடியா அவன் தலையில் கை வைத்தாள்.

"இப்ப திரும்பக் கழட்டணுமா?" என்று கேட்டேன்.

"மூணு நாள் வேலை. எனக்குத் தெம்பில்லடா. இப்படியே இருக்கட்டும்."

ஞாயிறு மதியம் கோயில் அரங்கு நிரம்பி வழிந்தது. நூடுல்ஸ் சூப் வாசனையும் பீர் வாசனையும் மேடைவரை வந்தன. முதல் வால்ட்ஸ் நடனப் பாட்டு தொடங்கியபோது நான் என் கம்பியைப் பார்க்கவில்லை, அவன் இடது காலையே பார்த்தேன். அது ஒரு தடவையாவது தடுமாற வேண்டும், நாற்பத்தைந்து வருஷமாகப் பழகிய இடத்தைத் தேடித் தவறாக மிதிக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். நண்பன் தப்பு செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பாவி நானாகத்தான் இருப்பேன்.

கால் தடுமாறவே இல்லை, கையைப் போலவே அதுவும் அந்த முதல் கிட்டாருக்குப் போய்விட்டிருந்தது. மூன்று மணி நேரம், போல்காவும் வால்ட்ஸும் மாறி மாறி, ஒரு மிதிகூடப் பிசகவில்லை. பல வருஷமாக அவன் அவ்வளவு நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை.

"என்ன எர்வின், இளமை திரும்பிடுச்சு போல?" என்று பாதிரியார் கையைக் குலுக்கினார். எர்வின் சிரித்துவைத்தான்.

நாலரை மணிக்குச் சாமான்களை வேனில் ஏற்றினோம். வெயில் இன்னும் சுளீரென்று அடித்தது. லிடியா ஏற்கெனவே பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். எர்வின் ஓட்டுநர் பக்கக் கதவுவரை போனான், நின்றான், சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். சாவியை என் உள்ளங்கையில் வைத்தான்.

"வீடு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்டா" என்றான். "இருந்தாலும் நீ ஓட்டு."

மாடுகள் சிரிக்குமே என்பது வாய்வரை வந்தது. ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். அவன் கால் என் காலைவிட நீளம்.