ஒற்றைக்கோட்டு ரத்தம்

கம்பெனி வாசலில் காவலிருந்த வாட்ச்மேனுக்கு வாயைத் திறந்தால் தன் ரத்தத்தைப் பற்றித்தான் பேச்சு. அதற்குக் காரணமும் இருந்தது.

உள்ளே தயாரானது புராஸ்டேட் புற்றுநோயின் அறிகுறியைக் காட்டும் மலிவான ஸ்ட்ரிப், சிறு சோதனைப் பட்டை. ஒரு சொட்டு ரத்தம் விட்டு ஒரு கோடு விழுந்தால் கவலையில்லை. இரண்டாவதும் விழுந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் அனுப்புமுன் நோயில்லாத ஓர் ஆளின் ரத்தத்தை விட்டுப் பார்ப்பார்கள். அந்த ஆள் இவர்தான். விரலில் குத்திக் கோடு பார்ப்பவள் இவர் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து வாயால் குத்திக்கொண்டிருந்தவளுக்கு இப்போது சம்பளத்தோடு ஊசியும் கொடுத்திருக்கிறார்கள் என்பார். மேனேஜர் உடம்பில் ஓடுவது வெறும் ரத்தம், தன்னுடையது பத்தரைமாற்றுத் தங்கம் என்று வருகிற லாரி டிரைவர்களிடமெல்லாம் அளந்துவிடுவார்.

ஒருநாள் இரண்டாவது கோடு விழுந்தது. அவர்மேல் யாருக்கும் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. பெட்டியை ஓரங்கட்டினார்கள். அடுத்த பெட்டியிலும் அதே கதை. பசை சரியில்லை, காற்றில் ஈரம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வாட்ச்மேன் வாசலை அம்போவென்று விட்டுவிட்டு உள்ளே வந்து, கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று ஸ்ட்ரிப் செய்யும் மெஷின்காரரைப் பிடிபிடியென்று பிடித்தார்.

மனைவி புது ஊசியை எடுத்தாள். மேனேஜரின் விரலைப் பிடித்து நறுக்கென்று குத்தினாள். அதே பெட்டியின் ஸ்ட்ரிப்தான், ஒரே கோடு. கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஸ்ட்ரிப் நல்லாத்தாங்க இருக்கு," என்றாள்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் மெஷின்தான் கோளாறு என்று குரங்குப்பிடியாக நின்றார். உள்ளூரப் பயம். அவள் கெஞ்சிக்கொண்டெல்லாம் நிற்கவில்லை, கம்பெனி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பல பரிசோதனைகளுக்குப் பிறகு புற்றுநோய்தான் என்று உறுதியானது. பரவவில்லை, ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நாளெல்லாம் அவருக்கு நோயைவிடப் பெரிய குறை, தன் இடத்தில் மேனேஜர் விரல் நீட்டுகிறாரே என்பது.

வேலைக்குத் திரும்பியதும் முதலில் மெஷின்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்து மனைவியின் மேஜைக்குப் போய் விரலை நீட்டினார். மறு பரிசோதனையை ஆஸ்பத்திரியில்தான் செய்வார்களே என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. குத்தினாள். எட்ட நின்றே கோட்டைச் சொல்கிறவளுக்கு அன்று கண்ணில் நீர் முட்டி ஸ்ட்ரிப்பே தெரியவில்லை.

"நீங்களே பாருங்க. எத்தனை கோடு?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுதான்," என்றார். "மேனேஜரை அவர் ரூமுக்குப் போகச் சொல்லு."