கலர் போடாத பள்ளிபாளையம் சிக்கன்

காந்திபுரத்தில் நான் கடை திறந்த புதிதில் எல்லாரும் கோழியைக் கலர் பொடி போட்டுத்தான் பொரித்தார்கள். நான் போடவில்லை. என் பள்ளிபாளையம் சிக்கனில் விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். மசாலாப் பொடிக்கு என் அடுப்படியில் இடமில்லை.

பெருந்துறையிலிருந்து வந்த ஒருவர் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வெளுத்துக் கெடக்குது. காரமே இருக்காதாட்ட இருக்குதுங்க" என்றார்.

"தின்னுபோட்டுச் சொல்லுங்க" என்று அடுப்புக்குத் திரும்பினேன்.

இரண்டாம் வாயிலேயே கண் கலங்கித் தண்ணீரைத் தேடினார். ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த வாரம் நண்பர்களோடு வந்தார். "நெறத்தப் பாக்காதீங்க, தின்னு பாருங்க" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்த சமையல் மாதிரி. அன்று அவர் தட்டுக்கு மட்டும் ஒரு கை மிளகாயைச் சேர்த்தே போட்டேன்.