பச்சை என்றால் நான் வருவேன்

கிருலப்பனையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சிவப்புக் காந்தம் ஒட்டியிருக்கிறது. பெரிய சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். விளிம்பில் நிறம் உரிந்துவிட்டது. மின்சார பில் எப்போதும் அதன் அடியில்தான் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. கவனிக்க அதில் ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் அதைப் பார்த்தால் ஒரு பெண்ணின் முகம் ஞாபகம் வரும், கூடவே கோபமும் வரும். அந்தக் கோபம் யார் மேல் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

அவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். அப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு மருந்து இறக்குமதிக் கொம்பனியில் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் புதிய கிளை, ஒரு பக்கம் புதிய கணினி முறை, கொட்டாஞ்சேனையில் இன்சுலின் போன்ற மருந்துகளை வைக்க ஒரு குளிரறை என்று பல வேலைகள் ஒன்றாக ஓடின. ஒன்றும் சொன்ன காலத்தில் முடியாது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று திட்ட அலுவலகம் ஒன்றைத் திறந்தார்கள். அதை நடத்தத்தான் மேடம் வந்தார். என்னைவிட வயதில் இளையவர். யாழ்ப்பாணப் பேச்சு. என்னை 'அண்ணை' என்று கூப்பிட்டார். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. கொம்பனியில் புதிதாக ஓர் அலுவலகம் திறந்தால் பழைய ஆட்களில் சிலர் வீட்டுக்குப் போவார்கள் என்பது நான் கண்டு அனுபவித்த விஷயம். அண்ணை என்று சொல்லிக்கொண்டே கழுத்தை அறுப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

அவர் வருவதற்கு முன்பு எங்கள் திங்கட்கிழமைக் கூட்டம் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு திட்டத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு காந்தம். ஒழுங்காகப் போனால் பச்சை, சிக்கல் என்றால் சிவப்பு. சிவப்பு வைப்பவர் அன்றைக்கு எல்லாருக்கும் சாப்பிட ரோல்ஸும் பட்டிஸும் வாங்க வேண்டும். எங்களுக்கு மேலே இருந்த பணிப்பாளர் விளையாட்டாகத் தொடங்கிய வழக்கம் அது. காலி வீதி பேக்கரியில் ஒரு ரோல்ஸ் என்ன விலை விற்றது என்று அந்த நாட்களில் கொழும்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதனால் யாரும் சிவப்பு வைக்கவில்லை. பலகை வயல் மாதிரிப் பச்சையாக இருக்கும். திறப்பு விழாவுக்கு முதல் நாள்தான் கதவுக்குப் பூட்டு வரவில்லை என்று தெரியவரும். எல்லாரும் வாயைப் பிளப்போம். பணிப்பாளர் யாராவது ஒருவனைப் பிடித்துத் திட்டுவார். அடுத்த திங்கள் மறுபடியும் பச்சை.

மேடம் முதல் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது கூட்டத்துக்கு ரோல்ஸ் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பலகை முழுக்கப் பச்சை. பெட்டியைத் திறக்கவில்லை. "இனிமேல் சாப்பாடு என்ர செலவு. சிவப்பு வைக்கிற ஆளுக்குத்தான் முதல் ரோல்ஸ். ஆனா வெறும் சிவப்புச் சரிவராது. ஆரிட்ட இருந்து என்ன வேணும் எண்டு சொல்லோணும்" என்றார். யாரோ பின்னாலிருந்து, "அப்ப பச்சைக்கு என்ன மேடம், பிளேன் டீயா?" என்று கேட்டார்கள். "பச்சை எண்டு சொன்னா நான் வருவன். வந்து பாப்பன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உளவு பார்க்கத்தான் இந்த வழி என்று நினைத்தேன்.

சொன்னபடி வந்தார். பஸ்ஸில் வந்தார். அறிவிக்காமல் வந்தார். ஒரே கேள்வியைக் காலையில் என்னிடமும் மத்தியானம் மேசனிடமும் கேட்டார். திட்ட அலுவலகம் என்றால் படிவம் கேட்டு உயிரை எடுக்கும் இடம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இவர் எங்களிடம் இருந்த படிவங்களில் பாதியை நிறுத்தினார். "இந்த வேலை நிண்டுபோனா ஆர் அழுவினம்?" என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் கேட்டார். அழ ஆள் இல்லாத திட்டங்களை மேலிடத்தில் சொல்லி மூட வைத்தார். அங்கே இருந்த ஆட்களை மற்ற வேலைகளுக்கு அனுப்பினார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அதையும் நான் நம்பவில்லை. முதலில் எண்ணிப் பார்க்கிறார், பிறகு வெட்டுவார் என்று கன்டீனில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொட்டாஞ்சேனைக் குளிரறை என் பொறுப்பில் இருந்தது. மின்வெட்டுக் காலம் அது. நகரம் முழுக்க டீசல் வரிசை. குளிரறைக்கு ஜெனரேட்டர் வந்து இறங்கிவிட்டது. ஆனால் மின்சாரம் நின்றதும் அதைத் தானாக இயக்கும் சுவிட்ச் வரவில்லை. டொலர் இல்லை, கப்பல் இல்லை என்றார்கள். பணிப்பாளருக்கு அவசரம். வெளிநாட்டு மருந்துக் கொம்பனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், அவர்கள் கண்ணுக்குக் குளிரறை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பலகையில் அவரே பச்சை வைத்தார். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "மச்சான், ஜெனரேட்டர் இருக்குத்தானே. வேலை முடிஞ்சதுன்னு ஒரு சைன் போடு. மருந்த ஏத்திருவோம். சுவிட்ச் வந்ததும் மாட்டிக்கலாம்" என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னை மச்சான் என்றது அதுதான் முதல் தடவை. தோளில் இருந்த கை எனக்குக் கனத்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

பச்சையைக் கண்டதும் மேடம் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டார். களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டவர் நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவர், கிராண்ட்பாஸ்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை. மேடம் ஜெனரேட்டரைத் தொட்டும் பார்க்கவில்லை. "அண்ணை, மெயினை நிப்பாட்டுங்கோ" என்றார். நிறுத்தினேன். விளக்கு அணைந்தது. மூவரும் இருட்டில் நின்றோம். ஜெனரேட்டரில் ஒரு சத்தமும் இல்லை. நானா பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"என்னத்த பாத்துக்கிட்டு ஈக்கிறீங்க மேடம்? நான் போய்க் கையால ஸ்டார்ட் பண்ணினாத்தான் அது எழும்பும்."

"நீங்கள் இல்லாட்டி?"

"அதத்தான் நானும் கேக்கிறன். வெள்ளிக்கெழம ஜும்மாவுக்குப் போனா யாரு ஸ்டார்ட் பண்ற? கரண்டுக்காரன் என்ன, தொழுகை முடியும் வரைக்குமா காத்துக்கிட்டு ஈப்பான்?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, எங்கட ஊட்டுலயும் இந்த ஊசிதான் போடுற. சூடாகிக் கெட்ட மருந்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பாத்தா தண்ணி மாதிரித்தான் ஈக்கும்."

திரும்பும்போது ஜிந்துப்பிட்டிப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றோம். மேடம், "மருந்து கெட்டா அந்தக் கையெழுத்தைத்தான் முதலில தேடுவினம். பணிப்பாளரை ஒருத்தரும் தேட மாட்டினம்" என்றார். நான் கையெழுத்து விஷயத்தை அவரிடம் சொல்லவே இல்லை. யார் சொன்னார்கள்? அந்தச் சந்தேகம் வீடு வரை கூட வந்தது. பணிப்பாளரின் நாற்காலிக்கு இவர் கண் வைத்திருக்கிறார் என்று ஒபிஸில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் என் கையெழுத்தைக் கேட்கிறார், மற்றவர் என் வாயைக் கேட்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் என் வேலை, என் பெயர். யாரோ ஒரு வீட்டில் அந்த மருந்தை ஏற்றிக்கொள்ளப் போகும் நோயாளியைப் பற்றி நானா மட்டும்தான் பேசினார்.

திங்கட்கிழமை பணிப்பாளர், "கொட்டாஞ்சேனை பச்சை, அடுத்தது" என்றார். மேடம் என் பக்கம் திரும்பினார். பார்த்தார், அவ்வளவுதான். நான் எழுந்து நின்று, "கரண்ட் போனா ஜெனரேட்டர் தன்னால ஸ்டார்ட் ஆகாது சேர். நான் சைன் பண்ண மாட்டேன். சுவிட்ச் வர்ற வரைக்கும் மாறி மாறி நிக்க ஆள் குடுங்க, இல்லாட்டி மருந்த ஏத்த வேணாம்" என்றேன். பணிப்பாளரின் காது சிவந்தது. மேடம் பச்சையை எடுத்துச் சிவப்பை வைத்தார். ரோல்ஸ் பெட்டி என் முன்னால் வந்தது. மீன் ரோல்ஸ். பெட்டியை அப்படியே பக்கத்து ஆளிடம் தள்ளினேன்.

அதற்குப் பிறகு நடந்தது சிறுபிள்ளைச் சண்டை. பணிப்பாளர் சிவப்பை எடுத்துப் பச்சை வைப்பார். மறுநாள் சிவப்பு இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வந்த அன்று காலையில் அவர் சிவப்புக் காந்தத்தைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் கையெழுத்து இல்லாமல் மருந்தை ஏற்ற களஞ்சியத்தில் யாரும் துணியவில்லை. வந்தவர்கள் காலியான குளிரறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களின் மருந்து வேறு கொம்பனிக்குப் போனது. பிறகு ஒரு நாள் சுவிட்ச் வந்தது, மாட்டினோம், மருந்து ஏறியது. ஒன்றும் கெடவில்லை. கெடாத மருந்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? கைவிட்டுப் போன வியாபாரத்துக்கு மட்டும் கணக்குக் கேட்டார்கள். திட்ட அலுவலகத்தைப் பணிப்பாளரின் கீழ் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மேடம் ராஜினாமா எழுதிக் கொடுத்தார்.

அவர் மேசையைக் காலி செய்தபோது நான் போய் நேராகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "உங்க சண்டைக்குச் சாட்சியாத்தானே என்னை நிறுத்தினீங்க?"

அவர் முகம் மாறவில்லை. "ஓம் அண்ணை. நான் சொன்னா ஆர் நம்பியிருப்பினம்? நீங்கள் சொல்லோணும் எண்டுதான் பாத்தனான். ஆனா நீங்கள் கையெழுத்து வைச்சிருந்தா மாட்டியிருப்பியள் எண்டதும் உண்மைதான். ரெண்டும் உண்மை" என்றார். சைன் விஷயத்தை யார் சொன்னது என்றும் கேட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்ல. பச்சையை அவரே வைச்சவர். அப்ப கையெழுத்துக்கு வேற ஆளைத்தானே தேடுவார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதை முழுதாக நம்புவதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. குப்பைக் கூடையில் இருந்து அந்தக் காந்தத்தை முன்பே எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டிருந்தேன். அதை அவரிடம் நான் காட்டவில்லை.

இப்போது நான் வேறொரு கொம்பனியில் இருக்கிறேன். அங்கேயும் திட்ட அலுவலகம் இருக்கிறது. பலகைக்குப் பதில் சுவரில் பெரிய திரை. எங்கோ யாரோ தட்டினால் இங்கே நிறம் மாறும். எல்லாம் எப்போதும் பச்சை. யாரும் எந்த இடத்துக்கும் போய்ப் பார்ப்பதில்லை. சென்ற வாரம் என் பொறுப்பில் இருக்கும் கட்டட வேலைக்கே அதில் பச்சை விழுந்திருந்தது. நெருப்பு வந்தால் ஆட்கள் இறங்க வேண்டிய பின்படிக்கட்டுக்கு இன்னும் கதவே வரவில்லை. அதைச் சொல்லி இரண்டு தடவை எழுதினேன். நிறம் மாறவில்லை.

இன்று காலை மின்சார பில்லை மேசையில் வைத்துவிட்டு, காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கூட்டத்தில் என் திட்டத்தின் பெயர் வந்ததும் எழுந்து போய்த் திரையில் அதை ஒட்டினேன். கண்ணாடியில் காந்தம் ஒட்டாது என்று அப்போதுதான் உறைத்தது. கையை எடுத்ததும் விழுந்து, மேசையில் மோதி, உருண்டு போய்க் கொம்பனித் தலைவரின் தேநீர்க் கோப்பையில் முட்டி நின்றது. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். தலைவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருடைய திட்டம்?"

"என்னோடது சேர். வந்து பாருங்க" என்றேன்.