மழைக்கு முந்தி வந்த கையெழுத்து

"பிள்ளை, உன்ரை போனை ஒருக்காத் தா... ஏ.ஐ.யோடை கதைக்க வேணும்!"

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். வாசல் படலையில் பக்கத்துத் தோட்டத்துத் தவமணியக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செயற்கை நுண்ணறிவு எங்கள் தென்மராட்சி நிலக்கடலைத் தோட்டம் வரைக்கும் வந்துவிட்டதா?

பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் ஏ.ஐ. என்றால் அக்ரிகல்ச்சர் இன்ஸ்ட்ரக்டர், விவசாயப் போதனாசிரியர். மோட்டார் சைக்கிளில் வருபவர்!

அக்காவின் முகத்தில் சிரிப்பில்லை. கணவர் போன பிறகு அவர் தனியாகப் போட்ட முதல் நிலக்கடலை, எங்கள் பேச்சில் கச்சான், இது. எண்ணெய் வித்துச் செய்கைக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியத்தை நம்பித்தான் விதைக்கும் உழவுக்கும் கடன்பட்டிருந்தார். ஆனால் இந்த ஏ.ஐ. அதிகாரி வந்து, பயிரை நிலத்தில் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் மானியம். அவர் வருவதாகச் சொன்னதோ செவ்வாய்க்கிழமை. வானம் அன்றைக்கே கறுத்துக்கொண்டு நின்றது.

முற்றிய கச்சான் நனைந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பிடுங்கினால் மானியம் போகும்... விட்டால் விளைச்சல் போகும். என்னதான் செய்வது?

போனை ஸ்பீக்கரில் போட்டேன்; இன்றைக்கே பிடுங்கலாமா என்று அக்கா கேட்டார்.

"அம்மா, பிடுங்கின பிறகு நான் என்னத்தைப் பாத்துக் கையெழுத்து வைக்கிறது?" என்றார் அதிகாரி.

"அப்ப மழையைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்கோ சேர்!"

மறுமுனையில் அவர் மனைவியோடு ஏதோ கதைப்பது கேட்டது. பிறகு, "பொறுங்கோ... வாறன்."

அக்கா நம்பவில்லை. "வாறன் எண்டு சொல்லாத ஒபிசர் ஆர் பிள்ளை? பத்து மணி மட்டும் பாப்பம். வராட்டிப் புடுங்குவம். காசு போனாப் போகட்டும். கச்சான் போனா என்ரை வருசமே போச்சு."

பத்தாகவில்லை, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பார்த்தால் — பட்டு வேட்டியில் அதிகாரி! பின்னால் பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாக அவருடைய மனைவி. மானிப்பாயிலிருந்து சாவகச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள், நேரத்தோடு வெளிக்கிட்டு இங்கே திரும்பியிருக்கிறார்கள்.

மனிதர் வரம்பைச் சுற்றி நடந்தார். படம் எடுத்தார். நாலைந்து செடியைக் கிளப்பிப் பார்த்தார். கையெழுத்தும் வைத்தார். வேலை முடிந்தது, இனிப் போகலாம்தானே?

அந்த நேரம் பார்த்து முதல் துளி விழுந்தது.

அவர் வானத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார்! "சேர், விடுங்கோ, வேட்டி ஊத்தையாப் போம்!" என்று அக்கா பதறினார். யார் கேட்டது? நானும் இறங்கினேன். அவருடைய மனைவி சேலையைச் சொருகிக்கொண்டு, பிடுங்கிய செடிகளை மூடத் தார்ப்பாய்ப் படங்கை விரித்தார்.

"கல்யாணம்...?" என்று இழுத்தேன்.

"தாலி கட்டி முடிஞ்சிருக்கும். சாப்பாடு இருக்கும்," என்றார் அவருடைய மனைவி.

மழை கொட்டத் தொடங்கியபோது கடைசி மூலை மட்டும் மிச்சம். அது மண்ணோடு போனது. மற்றதெல்லாம் தப்பியது.

போன கிழமை மானியம் வங்கிக்கு வந்துவிட்டது. அக்கா கடனை அடைத்தார். அடுத்த நாளே ஒரு பை வறுத்த கச்சானோடு என்னையும் இழுத்துக்கொண்டு அதிகாரி வேலை செய்யும் கந்தோருக்குப் போனார்.

அரச உதவி என்றால் திறைசேரி, சுற்றறிக்கை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அது எங்கள் கைக்கு வந்து சேர்வது என்னவோ இப்படி ஒரு மனிதர் மனம் வைக்கும்போதுதான். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று வழி நெடுக நான் வசனம் கட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி பையைக் கண்டதும் கையை எடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் அம்மா. லஞ்சம் எண்டு சொல்லிப்போடுவினம்."

அக்கா பையை மேசையில் வைத்தார்.

"ஆர் சொன்னது லஞ்சமெண்டு? அண்டைக்குப் புடுங்கினதுக்கு உங்கடை கூலி!"

கூலியை மறுக்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் இல்லையாம்... வாங்கிக்கொண்டார்!